கேள்விக்கு நாலு தட்டு

மத்தளக்காரர் கையில் அகப்பட்டதெல்லாம் தாளம்தான். சாப்பாட்டுத் தட்டு, பஸ் கம்பி, முடிவெட்டும் கடையில் நாற்காலிக் கை, எதையும் விடமாட்டார். கண்ணை மூடிக்கொண்டால் கை தானாக ஓடும். கல்யாணமான புதிதில் தூக்கத்தில் மனைவியின் முதுகிலேயே வாசித்து வாங்கிக் கட்டிக்கொண்டவர். அவள் ஒரு ரெடிமேட் கடையின் பின்னறையில், வாங்குகிறவர்களின் அளவுக்குத் துணிகளைப் பிடித்தும் விட்டும் தைக்கிறவள். அவளுக்கு மிஷின் சத்தம், அவருக்குத் தாளச் சத்தம் என்று இருபது வருஷக் குடித்தனம் ஓடிவிட்டது.

கெட்டிக்காரர்தான், ஆனால் மாற்று ஆள். பெரிய பாடகர் ஒருவரின் மத்தளக்காரருக்குக் காய்ச்சல் வந்தால்தான் இவருக்கு அழைப்பு வரும். அடுத்தவனுக்குக் காய்ச்சல் வரணும்னு வேண்டிக்கிற பொழைப்பு என்று அவரே சொல்லிச் சிரிப்பார். இந்தத் தடவை அந்த ஆளுக்குக் காலே முறிந்துவிட, பாலைவன நாடொன்றுக்குக் கலாசாரப் பரிமாற்றப் பயணம் இவர் மடியில் வந்து விழுந்தது. பரிமாற்றம் என்றால் என்ன கொடுத்து என்ன வாங்குவார்கள் என்று அவள் கேட்டாள். நாம் பாட்டைக் கொடுப்போம், அவர்கள் மணலைக் கொடுப்பார்கள் என்றார். புறப்படும் அன்று அவருக்குக் கடுமையான ஜலதோஷம். போக வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. அதற்காகப் பிற்பாடு தன்னையே திட்டிக்கொண்டாள்.

போய்ச் சேர்ந்ததும் பேசியபோது, விமானம் இறங்கியதிலிருந்து காது அடைத்துக்கிடக்கிறது, கொட்டாவி விட்டால் சரியாகிவிடும் என்றார். அதோடு காதுப் பேச்சு நின்றுபோனது. தினமும் அவள் மதியம் சாப்பிட உட்காரும் நேரத்தில் கூப்பிடுவார். அவளும் எப்போதும் ஒரே வரிசையில்தான் கேட்பாள்: சாப்பிட்டீங்களா, நல்லாத் தூங்கறீங்களா, உடம்புக்கு ஒண்ணுமில்லையே, எப்ப வர்றீங்க. அவள் கேட்கும்போதெல்லாம் போனின் முதுகில் அவர் விரல் தட்டும் சத்தம் வரும். மனுஷன் எங்கே போனாலும் திருந்தமாட்டார் என்று நினைத்துக்கொள்வாள். அதில் அவளுக்கு ஒரு ஆறுதல்கூட இருந்தது.

ஒருநாள் அவர் பேசும்போது அவருக்குப் பின்னால் யாரோ சுவரைத் துளைத்துக்கொண்டிருந்தார்கள். கூடவே லாரி ஹாரன் வேறு. அவள் போனைக் காதைவிட்டுத் தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது.

"இங்க என்னா ஒரு அமைதி தெரியுமா," என்றார் அவர். "ஒரு பொட்டுச் சத்தம் கிடையாது."

அன்று சாயங்காலம் ஒரு பேண்ட்டின் இரண்டு காலையும் சேர்த்துத் தைத்துவிட்டு, பிறகு உட்கார்ந்து பிரித்தாள்.

மறுநாள் அவர் கூப்பிட்டபோது வேண்டுமென்றே மாற்றிப் பேசினாள்.

"விரல்ல மிஷின் ஊசி ஏறிடுச்சுங்க."

டக், டக், டக், டக். "சாப்பிட்டேன். நல்ல சாப்பாடு."

"ரத்தம் நிக்கவே மாட்டேங்குது."

டக், டக், டக், டக். "நல்லாத் தூங்கறேன்."

ஆறுதல் என்று நினைத்த சத்தம் அதுதான். அவள் கேள்வி கேட்டு முடிக்க எவ்வளவு நேரமாகும் என்று இருபது வருஷமாகத் தெரியும் அவருக்கு. நாலு தட்டு எண்ணிவிட்டுப் பதில் சொல்லியிருக்கிறார். அவள் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள்.

தெருவுக்கு எதிர்ப்பக்கம் காது டாக்டர் இருந்தார். அவருடைய சட்டைகளை அவள்தான் அளவுக்குப் பிடித்துத் தைத்துத் தருவாள். விஷயத்தைக் கேட்டதும் டாக்டரின் முகம் மாறிவிட்டது. இது அடைப்பு மாதிரித் தெரியவில்லை, நரம்பாக இருக்கலாம், உடனே மருந்து கொடுத்தால் காது திரும்ப வழியுண்டு, தள்ளிப்போடப் போட அந்த வழி அடைந்துகொண்டே வரும் என்றார். பாவி மனுஷன் தெரிந்தேதான் மறைத்திருக்கிறார். சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், மறுபடி அடுத்தவன் காய்ச்சலுக்குக் காத்திருக்க வேண்டும். அவளுக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவர் பேரைக் கெடுக்கிறோமே என்று ஒரு நிமிஷம் தயங்கிவிட்டு, பாடகருக்கே போன் போட்டாள்.

பாடகர் நம்பவில்லை. "நேத்துகூட ஒரு அடி பிசகல, தங்கச்சி. என் வாயையே பார்த்துட்டு என்ன அருமையா வாசிக்கிறார்."

"அவர் கண்ணை மூடிக்கிட்டுத்தான் வாசிப்பார், அண்ணா. நீங்க பார்த்ததே இல்லையா?"

பாடகருக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனாலும் நாளைக்குத்தான் கடைசிக் கச்சேரி, அந்த நாட்டுப் பெரிய மனிதர்களெல்லாம் வருகிறார்கள், மத்தளம் இல்லாமல் மேடையேற முடியாது, முடிந்த கையோடு தானே டாக்டரிடம் கூட்டிப்போவதாகச் சொன்னார். இன்றைக்கே போகலாமே என்று அவள் கெஞ்சினாள். ஒருநாளில் என்ன ஆகிவிடப்போகிறது என்று வைத்துவிட்டார்.

கச்சேரியைக் கடை முதலாளியின் போனில் நேரலையாகப் பார்த்தாள். கணவர் ஒல்லியாகத் தெரிந்தார். கண் கொட்டாமல் பாடகரின் உதட்டைப் பார்த்தபடி வாசித்தார். பூனை முன்னால் உட்கார்ந்த எலி மாதிரி இருந்தது அந்தப் பார்வை. கடைசிப் பாட்டு வேகமெடுத்தது. அவர் தலை மெல்ல ஆட ஆரம்பித்தது.

"கண்ணை மூடிடாதீங்க," என்றாள் அவள், போனைப் பார்த்து.

மூடிவிட்டார். பாட்டு முடிந்தது. எல்லார் கையும் நின்றது. மத்தளம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இது தனி வாசிப்பு என்று நினைத்து சபை கைதட்டியது, தட்டி ஓய்ந்தது, அப்புறமும் ஓடியது. பாடகர் எழுந்து வந்து அவர் தோளைத் தொட்டார். கண்ணைத் திறந்தவர் சுற்றிலும் பார்த்துவிட்டு, எல்லாரையும் கும்பிட்டுச் சிரித்தார். அவளால் அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் மதியம் போன் வந்தது. முதலில் பேசியவர் பாடகர்.

"ஆஸ்பத்திரியில இருக்கோம், தங்கச்சி. முன்னாடியே வந்திருக்கணுமாம். இனிமே காது திரும்பாதுன்னுட்டாங்க. அவருக்கு எழுதித்தான் காட்டினோம். உனக்குத் தெரியும்னு அவர்கிட்ட இன்னும் சொல்லல. உன்கூடப் பேசணும்னு போனைக் கேட்கிறார்."

போன் கைமாறியது. அவள் மிஷினை நிறுத்தினாள். முதல் தட்டு கேட்டது.

"சாப்பிட்டீங்களா?" என்றாள் அவசரமாக.

"சாப்பிட்டேன்."

டக், டக்.

"நல்லாத் தூங்கறீங்களா?"

"நல்லாத் தூங்கறேன்."

"உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"ஒரு குறையும் இல்ல."

"எப்ப வர்றீங்க?"

"நாளைக்கு வந்துடுவேன். உன் குரலைக் கேட்டாத்தான் எனக்கு நிம்மதி."

டக், டக், டக், டக் என்று விரல் காத்திருந்தது. அதற்குள் அவள் "சரிங்க" என்றாள்.