வெல்டர் பெயரில் நின்ற வேண்டுதல்

வீட்டில் எல்லோரையும்விடக் குள்ளம் என்பதால் அவளுக்குக் குள்ளி என்ற பெயரே நிலைத்துவிட்டது. அந்தக் குள்ளிதான் பதினேழு மாடி உயரத்தில் உட்கார்ந்து கிரேன் ஓட்டுகிறாள். ஒன்பது வருடத்தில் ஒரு சுமையைக்கூடச் சுவரில் இடித்ததில்லை.

முதல் சுமையைத் தூக்குமுன் அவளுக்கு ஒரு வேலை உண்டு. கீழே நிற்பவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி, அவரவர் தலைக்கவசத்தைத் தேடிப் பிடித்து, "இவரைப் பத்திரமாப் பாத்துக்கோ" என்று வேண்டிக்கொள்வாள். கண்ணை மூடமாட்டாள். ஒன்றரை நிமிடம் ஆகும்.

பக்கத்துக் கட்டடத்தில் விபத்து நடந்ததிலிருந்து, சூப்பர்வைசர் காலையில் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி ஒலிபெருக்கியில் பிரார்த்தனை நடத்திவந்தார். கணீரென்ற குரல். குள்ளியும் தலைகுனிந்து நிற்பாள்.

அன்று பிரார்த்தனை முடிந்து, கம்பிக் கட்டைக் கொக்கியில் மாட்டியாயிற்று. வாக்கிடாக்கியில் சூப்பர்வைசரின் குரல் அலறியது.

"என்னம்மா, மேல தூங்கிட்டியா?"

"ஒரு நிமிஷம் சார். வேண்டிக்கிட்டு இருக்கேன்."

"அதான் எல்லாருக்கும் சேத்து வேண்டியாச்சே! தனியா வேற எதுக்கு?"

"ஆள் குள்ளம் சார், அதான் மேல ஏறி நின்னு சாமியக் கூப்பிடுது!" என்றார் கொக்கி மாட்டுபவர்.

குள்ளிக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் வெல்டர் பெயரைச் சொல்லியும் அவருடைய நீலத் தலைக்கவசம் மட்டும் கண்ணில் படவில்லை.

"சார், வெல்டர் அண்ணன் எங்க?"

"டீ குடிக்கப் போயிருப்பான். தூக்கு. இல்லன்னா இறங்கு, நாளைக்கு வேற ஆளப் போட்டுக்கறேன்."

அவர் சொன்னதைச் செய்துவிடுகிற ஆள். அவள் லீவரிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இறங்கச் சொன்னா இறங்கறேன் சார். அவரைப் பாக்காம தூக்கமாட்டேன்."

கொக்கி மாட்டுபவர் முணுமுணுத்துக்கொண்டே தேடப் போனார். கம்பிக் கட்டுக்கும் சுவருக்கும் நடுவில் குந்தியபடி, கீழே விழுந்த மூக்குக்கண்ணாடியைத் துழாவிக்கொண்டிருந்தார் வெல்டர். கட்டு எழும்பி ஒரு முழம் ஆடியிருந்தால் போதும்.

"வெளிய வாய்யா! உனக்காக ஒருத்தி வேலையவே விடப் பாத்தா!"

"எனக்கா? என் பொண்டாட்டிகூட எனக்காக வேண்டிக்கமாட்டாளே!"

யாரும் சிரிக்கவில்லை. "இப்பத் தூக்கும்மா" என்ற சூப்பர்வைசரின் குரல் இறங்கியிருந்தது.

மறுநாள் வரிசையில் அவர் ஒலிபெருக்கியை அவளிடம் நீட்டினார். "இனிமே நீயே சொல்லும்மா."

"நீங்க சொல்றது நல்லாத்தான் இருக்கு சார். யாருக்காகச் சொல்றோம்னு தெரிஞ்சு சொன்னா இன்னும் நல்லா இருக்கும்."

சூப்பர்வைசர் வெல்டர் பக்கம் திரும்பினார். நான்கு மாதமாக இருவருக்கும் ஒரே கட்டடத்தில் வேலை.

"உங்க பேரு என்ன?" என்று கேட்டார்.