எனக்கு ஓட்டு இருந்த நாடு

எங்கள் கல்லூரியில் அரசியல் அறிவியல் எடுத்தவர்களை மற்ற துறைக்காரர்கள் ‘எம்.எல்.ஏ. கிளாஸ்’ என்றுதான் கூப்பிடுவார்கள். வேறெதிலும் இடம் கிடைக்காதவர்கள் வந்து ஒதுங்குகிற வகுப்பு என்று அதற்கு அர்த்தம். நான் ஆசைப்பட்டுச் சேர்ந்தவள். அதைச் சொன்னால் இன்னும் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை.

இரண்டாம் ஆண்டு தொடங்கியபோது புதுச்சேரி சட்டமன்றத் தேர்தல் முடிந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. அரசியலமைப்பு நடத்திய சார் முதல் நாளே, “எல்லாரும் இடது கையைக் காட்டுங்க” என்றார். வகுப்பில் முக்கால்வாசிப் பேருக்கு அதுதான் முதல் ஓட்டு. நகத்தோரம் மை மிச்சமிருந்த விரல்கள் பெருமையாக உயர்ந்தன. என் விரல் துடைத்துவிட்டதுபோல் இருந்தது.

“ஏம்மா, உனக்குப் பதினெட்டு ஆவலையா?”

“ஆயிடுச்சு சார். லிஸ்ட்ல பேரு விட்டுப்போச்சு.”

அத்தோடு விடுவார் என்று நினைத்தேன். அவர் விடுகிற ஆளில்லை. அரசியல் படிக்கிற பெண்ணுக்கு ஓட்டு இல்லையென்றால் தனக்கே மானம் போன மாதிரி, மறுநாள் பெயர் சேர்க்கும் விண்ணப்பத்தோடு வந்து நின்றார். போட்டோ இல்லை என்றேன். ரேஷன் கார்டைத் தேடுகிறோம் என்றேன். “சரி, நானே உங்க அப்பாகிட்ட வந்து பேசுறேன்” என்று அவர் கிளம்பவும் எனக்கு வேறு வழி இல்லாமல் போயிற்று. வகுப்பின் நடுவில் எழுந்து நின்று சொன்னேன். “எனக்கு இங்க ஓட்டு இல்ல சார். நாங்க பிரெஞ்சு.”

வகுப்பே சிரித்தது. சாரம் பகுதியிலிருந்து ஓட்டைச் சைக்கிளில் வருகிறவள், டிபன் பாக்ஸைத் திறந்தால் கருவாட்டு வாசனை அடிக்கிறவள், இவள் பிரெஞ்சா? “எங்க, ரெண்டு வார்த்த பேசு பாப்போம்” என்றாள் பக்கத்தில் இருந்தவள். வணக்கத்துக்கு ‘போன்ழூர்’, நன்றிக்கு ‘மெர்சி’, இந்த இரண்டுக்கும் மேல் எனக்குத் தெரியாது.

தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். ஊர் இந்தியாவோடு சேர்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையே இருக்கட்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அது அப்பாவுக்கு வந்து, அப்பாவிடமிருந்து எனக்கும் வந்தது. அப்பா கொஞ்ச காலம் பிரான்சில் வேலை பார்த்துவிட்டு, குளிர் ஒத்துக்கொள்ளாமல் திரும்பி வந்தவர். நான் அந்த நாட்டின் மண்ணை மிதித்ததே இல்லை. பிறந்த ஊரிலேயே போலீஸ் அலுவலகத்துக்குப் போய் வெளிநாட்டுக்காரி என்று பதிந்துகொண்டு வருவேன். குடியுரிமைப் பாடம் நடக்கிற நாட்களில் புத்தகத்தைவிட்டுத் தலையைத் தூக்க மாட்டேன்.

சார் நல்லவர். என்னைத் தேற்றுவதாக நினைத்து, பிற நாட்டு அரசாங்கங்கள் பாடத்தில் பிரான்ஸ் பகுதிக்கு நான்தான் செமினார் எடுக்க வேண்டும் என்றார். சிரித்தவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று வீம்புக்குப் படித்தேன். ஐந்தாம் குடியரசு, ஜனாதிபதியின் அதிகாரங்கள், இரண்டு சுற்று வாக்குப்பதிவு எல்லாவற்றையும் தமிழ் கைடிலிருந்து உருப்போட்டேன். நல்ல மார்க் வந்தது. பெண் பிரான்ஸ் அரசியலைக் கரைத்துக் குடித்துவிட்டாள் என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

மறு வருடம் பிரான்சில் ஜனாதிபதி தேர்தல் வந்தது. எங்களைப் போன்றவர்கள் புதுச்சேரியிலிருந்தே ஓட்டுப் போடலாம். இரண்டாம் சுற்றுக்கு இருவர் மிஞ்சியிருந்தபோது, தபாலில் வந்த பிரசுரங்களோடு எதிர்வீட்டுப் பெரியம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் கணவரும் சொல்தாதான். இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. அரிசியும் மருந்தும் வாடகையும் எல்லாமே பிரெஞ்சு அரசாங்கம் அனுப்புகிற விதவை பென்சியோனில்தான்.

இரண்டு படங்களையும் பாயில் வைத்து, “இவங்க ரெண்டு பேர்ல யாரு வந்தா பென்சியோன் நிக்காது? அத மட்டும் சொல்லு பாப்பா” என்றார்.

நான் பிரசுரங்களைக் கையில் எடுத்தேன். எழுத்துக்கூட்டலாம், அர்த்தம் ஒன்றும் விளங்காது. ஜனாதிபதி எப்போது பாராளுமன்றத்தைக் கலைக்கலாம் என்று கேட்டால் ஒப்பித்திருப்பேன். ஒரு கிழவிக்குச் சோறு வருமா என்று எந்தக் கைடிலும் போட்டிருக்கவில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அடுப்படி வாசலில் அம்மா முகமெல்லாம் பூரிப்பாக நின்றுகொண்டிருந்தாள். சார் பாணியில் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு படத்தைத் தொட்டுக் காட்டினேன். ஏன் அந்தப் படம் என்றால், பார்க்க இளகிய முகமாக இருந்தது. அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து, பட்டுச்சேலையோடு பெரியம்மா எங்களுடன் வந்து ஓட்டுப் போட்டார். நான் கை காட்டிய ஆள் தோற்றுப்போனதைத் திங்கட்கிழமை யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். சாயங்காலமே வந்துவிட்டார்.

“தோத்த ஆளுக்குப் போட்டுட்டமே பாப்பா. ஜெயிச்சவங்க நம்ம பேர எடுத்துடுவாங்களா? போன தடவ இங்க எலெக்சன்ல மாத்திப் போட்டான்னு எங்க அண்ணன் பையனுக்கு மனைப்பட்டா குடுக்கல.”

“அது ரகசிய வாக்கெடுப்பு பெரியம்மா. யாரு யாருக்குப் போட்டாங்கன்னு தெரியவே தெரியாது.”

“தெரியாதுன்னா, பொட்டில போட்டதும் எம்பேர என்னாத்துக்கு அவ்ளோ சத்தமாப் படிச்சான்?”

ஓட்டுச்சீட்டு வைத்த உறை பெட்டியில் விழுந்ததும் வாக்காளர் பெயரைப் படித்து, ஓட்டுப் போட்டாயிற்று என்று அறிவிப்பது பிரெஞ்சுக்காரர்கள் வழக்கம். எனக்கும் அந்தத் தேர்தலில்தான் தெரிந்தது. விளக்கம் சொன்னேன். அவர் தலையாட்டினார், நம்பவில்லை. வெட்கக்கேடு என்னவென்றால், நானும் முழுசாக நம்பவில்லை. பென்சியோன் வரும் வரை அவர் வாசலைத் தாண்ட வேண்டாம் என்று பின்தெரு வழியாகவே கல்லூரிக்குப் போய்வந்தேன். ஒருவேளை நின்றுவிட்டால் அந்த முகத்தில் எப்படி விழிப்பது?

பணம் வழக்கம்போல வந்தது. வராமல் இருக்க எந்தக் காரணமும் இருந்ததில்லை. ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு பெரியம்மா வீட்டுக்கு வந்தார்.

“யார்கிட்ட பாப்பா சொல்லி வச்ச?”

எனக்குப் புரியவில்லை.

“நீ யார்கிட்டயோ எனக்காகப் பேசியிருக்க. இல்லாட்டி வருமா? தோத்த ஆளுக்குல்ல போட்டேன்.”

“அவ காலேஜ்ல பெரிய பெரிய ஆளுங்க பழக்கம் பெரியம்மா” என்றாள் அம்மா, உள்ளேயிருந்து.

இது யாரும் போடுகிற பிச்சை இல்லை, உங்கள் உரிமை, யாரும் யாரிடமும் சொல்லி வைக்க வேண்டியதில்லை. நான் சொல்லவேண்டியிருந்தது இதைத்தான். கல்லூரியில் எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் மொத்தத்தில் இதைத்தான். ஆனால், அந்த வகுப்பில் எழுந்து நின்ற நாளிலிருந்து என்னை ஒருவர் பெரிதாக நினைத்தது அப்போதுதான். பெரியம்மா என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.