அடுத்த பந்தி

சிரிக்காம கேக்கறதா இருந்தா சொல்றேன் சாந்தி. பேய், பிசாசுன்னு எவளாச்சும் ஆரம்பிச்சா "போடி, வேலையப் பாத்துகினு"ன்னு தொரத்தி வுடறவ நான். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல எக்ஸ்போர்ட் கம்பெனியில முப்பது வருசம் சட்டை செக்கிங் பண்ணவ, கண்ணால பாக்காத எதையும் பாஸ் பண்ணதே இல்ல.

இந்த ஊடு முன்னாடி ஊர் மண்டபம், தெரியுமில்ல? திருமுல்லைவாயில் பழைய ஆளுங்க பாதி பேருக்கு இங்கதான் கல்யாணம். ஏசி மண்டபம் வந்ததும் இத யாரும் சீண்டல, ஊர்க்காரங்க வித்துட்டாங்க. எங்க ஊட்டுக்காரர் மேஸ்திரியாச்சே, வாங்கி அவரே ஊடா மாத்தினாரு. பொண்ணு மாப்பிள்ளை ஒக்காந்த மேடைதான் எங்க பெட்ரூம், நாலு படி ஏறிப் போய்தான் படுக்கணும். பந்தி ஹால மட்டும் தடுக்காம நீளமா அப்பிடியே வுட்டாரு, "பேரன் பேத்தி வந்தா வரிசையா ஒக்காந்து சாப்புடுவாங்க ஸ்டெல்லா"ன்னு. பேரப்புள்ளைங்க கனடாவுல கீறாங்க. அவரும் போய்ச் சேந்துட்டாரு, ரெண்டு வருசமாவுது. அவ்ளோ பெரிய ஹால்ல ஒரு மேசை, ஒரு நாற்காலி, நான். கை கழுவற தொட்டியில எட்டு குழா கீது, கழுவறது என் ஒரு கைதான். சில நாளு அங்கியே நின்னு அழுதுடுவேன்.

ஒரு ஞாயித்துக்கெழம கோயில் முடிஞ்சு வந்து, பட்டப்பகல்ல சாப்ட்டுகினு கீறேன். கல்யாணத்துல நாம மோர் சோறு பிசையும்போதே அடுத்த பந்திக்காரங்க பின்னாடி வந்து நம்ம நாற்காலியப் புடிச்சிகினு நிப்பாங்க பாரு, சத்தியமா அதே மாதிரி. நாற்காலி முதுகுல ஒரு கை அழுத்துது. நிக்கிற ஆளோட மூச்சு கூட கேக்குது. திரும்பினா ஒருத்தரும் இல்ல. சரி, மனசுதான்னு கை கழுவப் போனேன். வந்து பாத்தா, நான் பின்னால தள்ளிட்டு எழுந்த நாற்காலி மேசையோட ஒட்டிக் கெடக்கு, யாரோ ஒக்காந்து இழுத்துப் போட்டுகின மாதிரி.

பயந்துட்டேன்னு நெனக்கறியா? மாதாவே, சந்தோசம்டி எனக்கு! அவருதான் வந்துட்டாருன்னு கொழந்தையாட்டம் அழுதேன். மறுநாளு பக்கத்துல இன்னொரு நாற்காலி போட்டு, தட்டு வெச்சு, அவருக்குப் புடிச்ச நெத்திலிக் கொழம்பு ஊத்தி, "நிக்காதீங்க, ஒக்காருங்க"ன்னேன். ஒக்காரல. நான் மோர் ஊத்தினதும் திரும்ப என் முதுகுக்குப் பின்னாடிதான் வந்து நின்னுச்சு. அன்னிக்குத்தான் எனக்கு பயம் வந்துச்சு. அவரா இருந்தா பக்கத்துல ஒக்காந்திருப்பாரு, முப்பத்தஞ்சு வருசமா அப்பிடித்தானே சாப்ட்டாரு.

என் புள்ள போன் பண்றப்பல்லாம் "ஊட்ட வித்துட்டு இங்க வந்துடும்மா"ன்றான். அவர் கையால பூசின செவுத்த வுட்டுட்டு எங்க போவேன் சொல்லு? வேற யாருகிட்டயும் இத சொல்லல, நீயும் நம்பினா நம்பு, நம்பாட்டி போ. இப்ப தெனமும் ரெண்டு வாய் சோறு தட்டுலயே மிச்சம் வெச்சுட்டு எழுந்துக்கறேன். சாப்ட்டு முடிச்சிட்டேன்னு ஆவக் கூடாதுல்ல, அதுக்கு.

பக்கத்து நாற்காலி இன்னிக்கும் காலியாத்தான் கெடக்கு. அதுல ஒக்காராம, என் எடத்துக்குன்னே எதுக்குடி காத்துகினு நிக்குது?