கோப்பை வாங்கித் தந்த பதில்

ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது இந்தியாவைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமே கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை, அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பள்ளியில் பொது அறிவுப் புத்தகம் என்று மஞ்சள் அட்டை போட்ட ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். அதை ஒரு வரி விடாமல் நெட்டுருப் போட்டிருந்தேன். மாமல்லபுரத்துக் கோயில்களைக் கட்டியவர்கள் யார்? பல்லவர்கள். பிஹு எங்கே கொண்டாடுவார்கள்? அஸ்ஸாமில். தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்தப் புத்தகத்தின்படி இந்தியாவில் ஆளுக்கு ஒரு நடனம், ஒரு உடை, ஒரு சாப்பாடு, ஒரு மொழி என்று ரேஷன் கடையில் போடுவதுபோல அளந்து போட்டிருந்தார்கள். பஞ்சாபில் எல்லோரும் எழுந்தவுடன் பாங்க்ரா ஆடிவிட்டுத்தான் பல் துலக்குவார்கள் என்று நான் மனதார நம்பினேன்.

என்னைக் கேள்வி கேட்டுக் கேட்டுத் தயார் செய்தது அத்தா. அத்தா என்றால் எங்கள் வீட்டில் அப்பா. நாங்கள் தமிழ் முஸ்லிம்கள். கீழ்க்கட்டளையில் ஏரிக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் வாடகைக்கு இருந்தோம். அத்தாவுக்குத் திருமுடிவாக்கத்தில் சின்னதாக ஒரு வெல்டிங் பட்டறை. இரும்பு கேட், ஜன்னல் கிரில் செய்து கொடுப்பார். சாயங்காலம் வந்து கைகால் கழுவியதும், "கொண்டாம்மா உன் புத்தகத்த" என்பார். கேள்வியை அவர் வாசிக்கிற அழகே தனி. ஒரு ழகரம் பிசகாது. நான் பதிலில் 'மழை'யை 'மளை' என்று சொல்லிவிட்டால், பதில் சரியாகவே இருந்தாலும் மதிப்பெண் கிடையாது.

தெருவில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். தண்ணீர் வரவில்லை, கால்வாய் அடைத்துக்கொண்டது, கம்பத்தில் விளக்கு எரியவில்லை, எதுவாக இருந்தாலும் அத்தாதான். எதிர்வீட்டு அண்ணன் ஒருவர் இருந்தார். அந்த ஊரின் பழைய குடும்பம். அவர்கள் ஒரு காலத்தில் நெல் போட்ட நிலத்தில்தான் இப்போது எங்கள் தெருவே நின்றது. அவர் சொல்வார், "பாய் எழுதின மனுவ படிச்சா அடைச்சிகினு கீற கால்வாய்க்கே அழுவாச்சி வரும்." அத்தா வெட்கப்பட்டுக்கொண்டு பேனாவை மூடுவார். பள்ளிவாசலில் விழா என்றால் நன்றியுரையும் அவர்தான். அந்த மூன்று நிமிஷத்துக்காக மூன்று நாள் கண்ணாடி முன்னால் பேசிப் பார்ப்பார்.

எங்கள் பள்ளியில் கலாச்சார தினம் என்று ஒரு நாள் வைப்பார்கள். பிள்ளைகள் எல்லாம் ஆளுக்கொரு மாநிலமாக வேஷம் கட்டிக்கொண்டு வரும். கடைசியில் மேடையில் வினாடி வினா. இறுதிச் சுற்றுக்கு மூன்று பேர் தேறியிருந்தோம், அதில் நான் ஒருத்தி. கைக்குழந்தையாக இருந்த தம்பிக்குக் காய்ச்சல் என்று அம்மா வரவில்லை. அத்தா பட்டறைக்கு லீவு போட்டுவிட்டு வந்தார். வெள்ளிக்கிழமைக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் எடுக்கிற வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தலையில் தொப்பி. மூன்றாவது வரிசையில், நான் பார்த்தால் தெரிகிற இடமாகத் தேடிப் பிடித்து உட்கார்ந்திருந்தார். மேஜை மேல் கோப்பை இருந்தது. பித்தளையோ என்னவோ, தங்கம் என்றுதான் எனக்குத் தோன்றியது. அதன் மேலிருந்து நான் கண்ணை எடுக்கவேயில்லை.

ஒரு பெண் பாதியிலேயே வெளியேறிவிட்டாள். கடைசியில் நானும் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனும் சமமாக நின்றோம். கடைசிக் கேள்வி எனக்கு. சொன்னால் கோப்பை, தவறினால் அது அவனுக்குப் போகும். கேள்வி கேட்டவர் எங்கள் வரலாற்று சார். கையிலிருந்த அட்டையைப் பார்த்து வாசித்தார், "இந்திய முஸ்லிம்களின் தாய்மொழி எது?"

அரங்கத்தில் சின்னதாகச் சிரிப்புச் சத்தம் கேட்டது. எனக்கென்றே வைத்த லட்டுக் கேள்வி என்று எல்லோருக்கும் சந்தோஷம். நான் அத்தாவைப் பார்த்தேன். அவர் முகத்திலும் அதே சந்தோஷம். நாற்காலியின் நுனிக்கு வந்து, சத்தமில்லாமல் உதட்டை அசைத்துக் காட்டினார். தமிழ். அவருக்கு அதில் ஒரு துளிச் சந்தேகமும் இல்லை.

ஆனால் புத்தகத்தில் அப்படி இல்லையே! கடைசிப் பக்கங்களில், அத்தா இல்லாமல் நானாகப் படித்துக்கொண்ட பகுதியில் இருந்தது அது. முஸ்லிம்களின் தாய்மொழி உருது. முதலில் படித்தபோது எனக்கே குழப்பமாகத்தான் இருந்தது. எங்கள் வீட்டில் யாருக்கும் உருது தெரியாது. அத்தாவைப் பெற்றவர்களுக்கும் தெரியாது, அம்மா வழியிலும் தெரியாது. அச்சில் போட்டிருப்பது தப்பாக இருக்காது, எங்கள் வீட்டில்தான் ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். பாவம், அத்தா அந்தப் பக்கத்தைப் படிக்கவில்லை என்று நினைத்தேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு "உருது" என்றேன்.

ஒரே கைதட்டல். அத்தாவும் தட்டினார், கொஞ்சம் பிந்தித் தட்டினார்.

அத்தோடு விட்டிருந்தால் அது வெறும் புத்தகப் பதிலாகப் போயிருக்கும். சார் குஷியாகிவிட்டார். "சொந்த பாஷையாச்சே, தெரியாம இருக்குமா? வீட்ல எல்லாரும் உருதுதானே பேசுறீங்க?" என்று மைக்கை என் வாயருகே நீட்டினார். இல்லை என்று சொன்னால் பதில் தப்பாகிவிடுமோ, கோப்பையை அந்தப் பையனுக்குக் கொடுத்துவிடுவார்களோ என்று எனக்குள் பகீரென்றது. இந்த இடத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது. பத்து வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று என் கணவர் சமாதானம் சொல்கிறார். பத்து வயதில் பொய் எது, மெய் எது என்று நன்றாகவே தெரியும்.

"ஆமா சார்" என்றேன். மைக்கில் அது கணீரென்று கேட்டது.

பரிசு கொடுக்கும்போது பெற்றோரையும் மேடைக்கு அழைப்பது எங்கள் பள்ளி வழக்கம். அத்தா வேட்டியைச் சரிசெய்துகொண்டு படியேறி வந்தார். பரிசு கொடுக்க வந்திருந்தவர் ராணுவத்தில் முப்பது வருஷம் வடக்கே இருந்துவிட்டு, ஓய்வு பெற்றுத் தாம்பரத்தில் வீடு கட்டிக்கொண்டவர். நல்ல மனுஷன்தான், அவரைக் குறை சொல்ல மாட்டேன். உருதுவில் பேச ஆள் கிடைக்காமல் நாக்கு நமநமத்துப்போயிருந்தவருக்கு நாங்கள் கிடைத்துவிட்டோம். கோப்பையை என் கையில் கொடுத்துவிட்டு, அத்தாவின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே மைக்கில் கேட்டார், "ஆப் கஹான் கே ரெஹ்னேவாலே ஹை, பாய் சாப்?"

எந்த ஊர் என்று கேட்டிருக்கிறார். அது எனக்கே காலேஜில் இந்தி கற்றுக்கொண்ட பிறகுதான் தெரியும். அத்தாவுக்கு எப்படித் தெரியும்? பட்டறையில் பீகார்க்காரர்கள் இரண்டு பேர் வேலை பார்த்தார்கள். அவர்களோடு பழகியதில் ஐந்தாறு சொற்கள் பிடிபட்டிருந்தன. சூடு, தொடாதே, சீக்கிரம், சரி. அதில் வம்பில்லாத ஒன்றை எடுத்துச் சொன்னார். "டீக் ஹை சார்."

ராணுவக்காரர் இன்னொரு முறை கேட்டார். "டீக் ஹை சார், டீக் ஹை" என்றார் அத்தா. முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரிப்பு பின்வரிசை வரைக்கும் போய்த் திரும்பியது. அந்தப் பெரியவர் தமிழுக்கு வந்தார். "என்ன பாய் இது? வீட்ல உருதுதான்னு புள்ள சொல்லுது. உங்க பாஷைய நீங்களே மறந்துட்டீங்களா?"

அத்தாவுக்கு அங்கே சொல்ல ஒரே ஒரு வாக்கியம்தான் வேண்டியிருந்தது. நாங்க தமிழுங்க சார், வீட்ல தமிழ்தான் பேசுறோம். கையில் மைக்கைக் கொடுத்தால் மூன்று நிமிஷம் மணி மணியாகப் பேசக்கூடிய மனிதர். சொல்லத்தான் வாயெடுத்தார், நான் பார்த்தேன். அதற்கு முன் என்னைப் பார்த்தார். கோப்பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு நின்ற நான், வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். யாருக்கும் தெரியாத அளவுக்குத்தான் ஆட்டினேன். அவருக்குத் தெரிந்தது.

"மறந்துடுச்சு சார்" என்றார். "வேலை வேலைன்னே இருந்துட்டேன்."

"மறக்கலாமா?" என்று அந்தப் பெரியவர் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பி, தாய்மொழி பெற்ற தாய்க்குச் சமம், அதை மறந்தவன் எத்தனை சம்பாதித்தாலும் ஏழைதான், இந்தப் பெண் குழந்தையைப் பாருங்கள், அப்பா மறந்ததை இவள் காப்பாற்றுகிறாள் என்று ஒரு சின்னப் பிரசங்கமே வைத்தார். அது முடிகிறவரை அத்தா கைகட்டி நின்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் தலைகால் புரியாத சந்தோஷத்தில் நின்றேன்.

வண்டியில் திரும்பி வரும்போது, கீழ்க்கட்டளை சிக்னல் பக்கத்துப் பேக்கரியில் நிறுத்தி எனக்கு முட்டை பப்ஸ் வாங்கிக் கொடுத்தார். நான் பாதி தின்ற பிறகு மெதுவாகக் கேட்டார், "நம்ம வீட்ல யாரும்மா உருது பேசுறா?"

"புக்ல அப்படித்தான் அத்தா போட்டிருக்கு."

அவர் என் வாயோரத்துத் துகளைத் துடைத்துவிட்டார். "அப்ப சரிதான்" என்றார். திட்டவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், பிள்ளை ஜெயிச்சிடுச்சு என்று மட்டும் சொன்னார். கோப்பையை டிவி மேல் வைத்தோம்.

ஆனால் எதிர்வீட்டு அண்ணனின் மகனும் எங்கள் பள்ளிதான். மறுநாளே விஷயம் தெருவுக்கு வந்துவிட்டது. கேலி செய்யக் காரணம் தேடிக்கொண்டிருந்த தெருவுக்குக் கேட்கவா வேண்டும்! அண்ணன் தன் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, "இன்னா பாய், டீக் ஹையா?" என்று ஆரம்பித்தார். பால்காரரும் அதையே பிடித்துக்கொண்டார். சீக்கிரமே அத்தாவுக்கு டீக் ஹை பாய் என்றே பெயர் விழுந்துவிட்டது. ஒருநாள் தெருவிளக்குக்கு மனு எழுத வந்த அண்ணன், "பாய், ஞாபக மறதில உருதுல எழுதிடாதீங்கோ, ஆபீசர் பேஜாராயிடுவாரு" என்றார். அம்மாகூட, காரணம் தெரியாமல், சிரித்துவிட்டார். அத்தாவும் சிரித்தார். குனிந்து, வழக்கம்போல அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிக் கொடுத்தார்.

யாரும் கேட்காவிட்டாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்த அண்ணன் மேல் கோபம் வரவில்லை. அத்தா மேல்தான் வந்தது. பீகார்க்காரர்களோடு நாள் முழுக்க இருக்கிறாரே, ஒழுங்காக நாலு வார்த்தை கற்றுக்கொண்டு மேடையில் பேசியிருந்தால் என்ன, என் மானத்தை இப்படிக் கப்பலேற்றிவிட்டாரே என்று பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியெல்லாம் புகைந்துகொண்டிருந்தேன். பள்ளிவாசல் மீலாது விழாவில் அந்த வருஷம் வேறு யாரோ நன்றியுரை சொன்னார்கள். தொண்டை கட்டியிருக்கிறது என்று அத்தா சொன்னதாக அம்மா சொன்னார். அதை நான் கேள்வியே கேட்காமல் நம்பினேன்.

அடுத்த வருஷம் மறுபடி கலாச்சார தினம் வந்தது. மறுபடியும் இறுதிச் சுற்றுக்குத் தேறினேன். காலையில் அத்தா பட்டறைக்குக் கிளம்பிக்கொண்டே, அவசரமாக ஒரு கேட் முடித்துக் கொடுக்க வேண்டும், அம்மா வருவாங்க என்றார். சொல்லிவிட்டு என் முகத்தையே ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டு வாசலில் நின்றார். நீங்கதான் வரணும் அத்தா என்று நான் சொல்லியிருக்கலாம். அப்பாடா, இந்தத் தடவை யாரும் அவரிடம் எதையும் கேட்க மாட்டார்கள் என்று எனக்கு அப்படியொரு நிம்மதி. "சரி அத்தா" என்று சொல்லிவிட்டு ரிப்பன் கட்டிக்கொள்ள ஓடினேன்.