கையில் கொடுத்த பச்சைமிளகாய்

எங்கள் பக்கத்தில் மிளகாயைக் கையில் கொடுக்க மாட்டோம். கொடுத்தால் இரண்டு பேருக்கும் சண்டை வரும் என்பார்கள். தட்டிலோ தரையிலோ வைத்துவிட வேண்டும், எதிராள் எடுத்துக்கொள்ள வேண்டும். என் வீட்டுக்காரருக்கு இது தெரியாதா? தெரிந்தேதான், சாப்பிட உட்கார்ந்ததும் வெறுங்கையை நீட்டுவார்.

"கையில குடுடி. இன்னா ஆயிடும்?"

"இப்ப போடுற சண்டை பத்தலியா? தட்டுல வெக்கிறேன், எடுத்துக்கயா."

இருபத்திரண்டு வருஷம் இப்படித்தான். திருபுவனை கம்பெனியில் ஷிப்ட் முடிந்து வந்தால் சட்டையைக் கூடக் கழற்றாமல் தோட்டத்துக்குப் போய் நாலு மிளகாய் பறித்து வந்து என் பக்கத்தில் போடுவார். நான் கழுவித் தர வேண்டும். மதகடிப்பட்டுச் செவ்வாய்ச் சந்தையில் நாற்று வாங்கி அவரே நட்ட செடிகள். பழைய சோற்றுக்கு அதைக் கடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் ஊற்ற, "காரமே இல்லடி" என்பார். அந்தப் பொய்யைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன வருஷம் அவருக்குத் தொண்டையில் கட்டி வந்தது. ஆபரேஷனில் குரல் போயிற்று. மூக்கு வழியாகக் குழாய் போட்டார்கள், கஞ்சியும் பாலும் அதில்தான். பிழைப்பார் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை.

அந்த மனுஷன் முன்னால் உட்கார்ந்து நான் எப்படிச் சாப்பிடுவது? அடுப்படியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து விழுங்கினேன். தாளிப்பதை விட்டேன். யார்மேல் என்று தெரியாத கோபத்தில், அவர் கண்ணில் படக் கூடாதென்று மிளகாய்ச் செடிகளையும் பிடுங்கிப் போட்டேன். குளியலறைக்குப் பின்னால் ஒரு செடி மட்டும் எப்படியோ தப்பிவிட்டது. நல்லது செய்வதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் மதியம் சுவரைப் பிடித்துக்கொண்டே அடுப்படிக்கு வந்துவிட்டார். என் தட்டை எட்டிப் பார்த்தார். வெறும் மோர்ச் சோறு. எதிரே மெல்ல உட்கார்ந்து, பழையபடி கையை நீட்டினார்.

"உனக்குக் கூடாதுயா" என்றேன். அவர் நீட்டிய கையை மடக்கவில்லை.

எழுந்து போய், தப்பிய செடியிலிருந்து ஒரு மிளகாயைப் பறித்துக் கழுவி எடுத்து வந்தேன். தரையில் வைக்கக் குனிந்தவள் வைக்கவில்லை. அவர் உள்ளங்கையிலேயே வைத்து விரல்களை மூடினேன்.

"புடி. சண்டை வந்தா வரட்டும். எப்படியாவது ஒருவாட்டி என்னைத் திட்டேன்யா."

அவர் காம்பைக் கிள்ளிப் போட்டார். மிளகாயை என் தட்டின் ஓரத்தில் வைத்தார். கடி என்று தாடையை அசைத்துக் காட்டினார். அவருக்காகக் கேட்கவில்லை, எனக்காகத்தான் கேட்டிருக்கிறார். கடித்தேன். இத்தனை நாள் காரமில்லாமல் தின்ற நாக்கு எரிந்தது, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"காரமே இல்ல" என்றேன்.

சத்தமே வராமல் தோள் குலுங்கச் சிரித்தார்.

அதற்குப் பிறகு பதினேழு நாள் இருந்தார். தினமும் மதியம் ஒரு மிளகாயை அவர் கையில்தான் கொடுத்தேன். ஒரு சண்டைகூட வரவில்லை.