ஒன்பதாம் நம்பர் ஷூ

முதலில் வெந்நீர் கேட்பார். கையை விட்டுப் பார்த்து, "பொறுக்கிற சூடுதான்" என்று தலையாட்டிய பிறகே தண்ணீர்ப் பேசினைத் தரையில் வைக்க விடுவார். ஒரு கைப்பிடி உப்பு போடுவார். படுக்கையில் இருப்பவரின் கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கி, தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் விடுவது போலத் தண்ணீருக்குள் இறக்குவார். பிறகு பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருப்பார். வெட்டுவதற்கு முன் நகம் ஊற வேண்டும். அந்த நேரத்தில் அவர் உதடு மட்டும் அசையும். என்ன ஜெபம் அண்ணே என்று ஒருநாள் கேட்டேன். "கை நடுங்கக் கூடாதுன்னு. வேற என்னத்தக் கேக்கறது" என்றார்.

வாரத்தில் ஆறு நாள் அவர் செருப்புக் கடையில் விற்பனைக்கு நிற்பவர். நான் அதே கடையில் ஏணி ஏறிப் பரணிலிருந்து டப்பா எடுத்துக் கொடுத்தவள். வாசல்படியில் ஆள் கால் வைக்கும்போதே, "தங்கச்சி, ஏழு, பிரவுன்" என்று மேலே குரல் வரும். கால் அளக்கிற தகடு ஆணியில் சும்மா தொங்கும். அதனால் அவருக்குச் சைஸ் அண்ணன் என்று பேர். முகத்தை மறந்துபோவார், காலை மறக்க மாட்டார். தெருவில் யாராவது நலம் விசாரித்தால் முதலில் கீழேதான் பார்ப்பார். அதற்கப்புறம்தான், "அட, நீங்களா" என்பது வரும்.

இப்போது அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. நாங்கள் இருவருமே கடையை விட்டு வந்து வருஷங்கள் ஆகின்றன. இன்றைக்கும் எங்காவது புது ஷூ டப்பாவைத் திறந்தால், அந்தத் தோலும் பசையும் கலந்த வாசனையோடு அவர் குரலும் சேர்ந்தே வருகிறது. நான் என்னை அறியாமல் மேலே பார்க்கிறேன், பரண் இருக்கிற நினைப்பில்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஒரு துணிப்பையோடு கிளம்புவார். அதில் இடுக்கி போன்ற பெரிய நகவெட்டி, அரம், இரண்டு துண்டு, பழைய செய்தித்தாள். எங்கள் சபையில் படுத்த படுக்கையாய் இருந்தவர்கள் ஒன்பது வீட்டில் இருந்தார்கள். பெண்கள் இருக்கிற வீட்டுக்குத் தனியாகப் போக மாட்டார் என்பதால் என்னையும் அழைப்பார். அவருடைய மனைவி நோயில் கிடந்தபோது மருந்து கொடுக்க, துடைத்துவிட, ஜெபிக்க என்று எல்லாவற்றுக்கும் ஆள் வந்ததாம். நகம் வெட்ட மட்டும் யாரும் வரவில்லையாம். அண்ணி போன மறு மாதமே ஆரம்பித்துவிட்டார்.

நேராக வெட்டுவார், ஓரத்தை வளைக்க மாட்டார். விரல் இடுக்கை ஈரமில்லாமல் துடைப்பார். வெட்டிய துணுக்குகளைக் காகிதத்தில் மடித்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். அந்த வீட்டில் விட்டுவர மாட்டார். ஒரு திங்கட்கிழமை அந்தப் பொட்டலம் கடையில் கீழே விழ, ஏலக்காய் என்று நினைத்து முதலாளி கை நீட்டிய கதை எங்களுக்குள் பல வருஷம் ஓடியது.

போதகர் ஒருமுறை பிரசங்கத்தின் நடுவே இந்த ஊழியத்தைப் புகழத் தொடங்கினார். ஷூ லேஸைக் கட்டக் குனிந்த அண்ணன், எல்லோரும் ஆமென் சொன்ன பிறகுதான் நிமிர்ந்தார். அவ்வளவு நேரம் கட்ட அவர் காலில் எத்தனை லேஸோ என்று பின்வரிசையில் சிரிப்பு.

ஒன்பது வீட்டில் கஷ்டமான வீடு ஆப்பரேட்டரம்மாவுடையது. டெலிபோன் இணைப்பகத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். பார்வை போய், இடுப்புக்குக் கீழே அசைவும் குறைந்த பிறகும் வாய் குறையவில்லை. பிடிக்காதவர் பேசினால், "லைன் பிஸி" என்று சொல்லிப் போர்வையை இழுத்துக்கொள்வார். அண்ணன் முதல்முறை போனபோது விரட்டிவிட்டார். இரண்டாம் முறையும் விரட்டினார். மூன்றாம் முறை, ஒன்றும் பேசாமல் போர்வையின் நுனியிலிருந்து ஒரு பாதத்தை மட்டும் வெளியே விட்டார்.

இப்படியே போய்க்கொண்டிருந்தது. நான் காய்ச்சலில் படுத்த ஒரு நாள், எனக்குப் பதிலாக அண்ணன் ஏணியில் ஏறி விழுந்தார், முதுகில் பலத்த அடி. இனி குனியவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கடையில் உயரமான நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வேலையையும் அவர் விடவில்லை. படுத்திருப்பவர்களின் காலை ஸ்டூலில் தூக்கி வைத்து, நிமிர்ந்து உட்கார்ந்தபடியே வெட்டினார். தன் கால் மட்டும் அவருக்கு எட்டாத தூரத்தில் இருந்தது.

அதை நான் யோசிக்கவே இல்லை. ஐந்தாறு மாதம் கழித்து ஒரு மாலை, "தங்கச்சி, ஒன்பது, கறுப்பு" என்று குரல் வந்தது. டப்பாவோடு இறங்கினால் கடையில் வாடிக்கையாளர் யாரும் இல்லை. அண்ணன் தனக்குத்தான் கேட்டிருக்கிறார். அவர் கால் எட்டு. அளவு தப்பினால் நடை தப்பும் என்று ஊருக்கெல்லாம் சொன்ன மனிதர். ஏன் என்று கேட்டேன். "காத்துப் போகட்டுமே" என்றார். கடையின் நீள ஷூக்கரண்டியால் நெம்பி அவர் பழைய ஷூவைக் கழற்றியபோது காலுறையின் நுனியில், கட்டைவிரல் பக்கம், பழுப்பாய் ஈரம் தெரிந்தது.

அண்ணனுக்குச் சர்க்கரை உண்டு. நாங்கள் போகிற ஒன்பது வீட்டில் ஒருவருக்கு இப்படித்தான் நகம் சதைக்குள் வளர்ந்து, கடைசியில் விரலையே எடுத்தார்கள். நான் வெட்டிவிடுகிறேன் அண்ணே என்று அன்றும் கேட்டேன், மறுநாளும் கேட்டேன். டாக்டரிடமாவது போங்கள் என்றேன். யாருக்கும் தொந்தரவு தரக்கூடாது, ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று சிரித்தே தட்டிக் கழித்தார். எனக்காக ஏறி விழுந்தவரிடம் அதற்குமேல் எப்படி வற்புறுத்துவது?

குனிய முடியாத பிறகு அண்ணனை எல்லா வீட்டிலும் ஷூவோடே உள்ளே விட்டார்கள். அந்த ஞாயிறு ஆப்பரேட்டரம்மா வீட்டுக்குள் நுழைந்து நான்கு அடி வைத்திருக்க மாட்டோம். "ஒரு கால் வேற மாதிரி விழுதே. யாருது?" என்று கட்டிலிலிருந்து கேட்டார். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் அம்மாவின் காலை வெந்நீரில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அண்ணன் என்னை முறைத்தார்.

"கழட்டு, தம்பி. தங்கச்சி பாக்கட்டும்."

"எனக்கெதுக்குக்கா. நாலு பேருக்குச் செய்யறவன் நான். போய்க் காலை நீட்டிக்கிட்டு உக்காந்தா நல்லாவா இருக்கு?"

அம்மா தண்ணீரிலிருந்து தன் காலை எடுக்கச் சொன்னார். எடுத்துத் துடைத்தேன்.

"எனக்கு மட்டும் நல்லாவா இருந்துச்சு? ஒண்ணுமேல ஒண்ணு ஏறின விரலு. எங்கம்மா போனப்புறம் யாருக்கும் காட்டாத காலு. உன்கிட்ட நீட்டின அன்னிக்கு ராத்திரி முழுக்க அழுதேன். முட்டி போடறது உனக்குப் பழக்கம், தம்பி. கடையிலயே போட்டவன் நீ. காலை நீட்டிப் பாரு, அப்பத் தெரியும் எது கஷ்டம்னு."

ஷூ தரையில் உரச, அண்ணன் காலை நாற்காலிக்கடியில் இழுத்துக்கொண்டார்.

"ஆண்டவர் சீஷங்க காலைக் கழுவக் குனிஞ்சப்போ காலை இழுத்துக்கிட்டவன் ஒருத்தன் இருந்தான்ல. அதுவும் பெருமைதான்னு அவனுக்குத் தெரியல. உனக்கும் தெரியல. நீ நீட்டலேன்னா இனிமே நானும் நீட்ட மாட்டேன்."

"தண்ணி ஆறிப்போச்சு" என்றார் அண்ணன், தரையைப் பார்த்துக்கொண்டு.

நான் சமையலறைக்குப் போய் வேறு தண்ணீர் காயவைத்தேன். வேண்டுமென்றே தீயைக் குறைத்து வைத்தேன். காது மட்டும் வாசல் கதவிலேயே இருந்தது. எழுந்து போய்விடுவாரோ என்று பயம். கதவு சத்தம் கேட்கவில்லை.

பேசினோடு திரும்பியபோது அண்ணன் நாற்காலியில்தான் இருந்தார். ஆப்பரேட்டரம்மா, கண் தெரியாதவர், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். நான் தரையில் உட்கார்ந்து மடியில் துண்டை விரித்தேன். காலைப் பிடித்து இழுக்கவில்லை, காத்திருந்தேன்.

குனிந்து லேஸை அவிழ்க்க அவரால் முடியாது. ஒரு ஷூவின் பின்பக்கத்தை மற்றக் காலால் மிதித்துக் கழற்றுகிறவர்களைக் கண்டால் கடையில் அவருக்குப் பொறுக்கவே பொறுக்காது. அன்றைக்கு அவரே அப்படி மிதித்தார். ஒன்பதாம் நம்பர் கழன்று தரையில் சாய்ந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, நாற்காலிக்கடியிலிருந்து காலை மெல்ல என் பக்கமாக நீட்டினார்.