கிடையிலிருந்து ஒரு வகுப்பு

கிர்கிஸ்தானில் ஒரு பல்கலைக்கழகத்தில் சமூகவியல் துறையைப் புதிதாகத் தொடங்கியிருந்தார்கள். பாடம் நடத்த ஆள் போதவில்லை. இப்படிப்பட்ட துறைகளுக்கு வேறு நாட்டு ஆசிரியர்களைக் கொடுத்து உதவ ஐரோப்பாவில் ஓர் அறக்கட்டளை கிராண்ட் வழங்குகிறது. சங்கரன்கோவிலில் கல்லூரி ஆசிரியையாக இருந்த நான் விண்ணப்பித்தேன், கிடைத்துவிட்டது. முதல் பருவம் அங்கேயே போய் நடத்தினேன். அடுத்த பருவத்தை வீட்டிலிருந்தே இணையத்தில் நடத்தச் சொன்னார்கள். அந்த ஊர்க் கடிகாரம் நம்மைவிட அரை மணிதான் முந்தி ஓடும் என்பதால் அதில் சிரமமில்லை.

ஆடு மாடு மேய்த்து வாழும் சமூகங்களைப் பற்றிய பாடம் அது. ஒருநாள், எங்கள் பக்கத்தில் விதைப்புக்கு முன் நிலத்தில் ஆட்டுக்கிடை போடுவார்கள், இரவெல்லாம் ஆடுகள் அடைந்து கிடக்க, புழுக்கையும் மூத்திரமும் உரமாகும் என்று சொன்னேன். வகுப்பில் ஒரு மாணவி கையை உயர்த்தினாள். அவளுடைய அப்பாவும் ஆடு வளர்ப்பவர்.

“ஆட்டுக்காரர் நிலத்துக்காரரைத் தேடிப் போவாரா, நிலத்துக்காரர் ஆட்டுக்காரரைத் தேடி வருவாரா?”

எனக்குத் தெரியவில்லை. பக்கத்து ஊரான திருவேங்கடத்துக்குப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் ஜன்னல் வழியாகக் கிடையைப் பார்த்திருக்கிறேன். அதை யார் அழைத்தது என்று யோசித்ததே இல்லை.

“அடுத்த வகுப்பைக் கிடையிலிருந்தே வைத்துக்கொள்வோம். நீயே கேள்” என்றேன். “அப்பாவையும் உட்கார வைக்கலாமா?” என்று கேட்டாள். சரி என்றேன்.

மறுநாளே அறக்கட்டளையிலிருந்து மின்னஞ்சல் வந்தது. அந்த வகுப்பை அவர்களுடைய அதிகாரி ஒருவர் பார்வையிடுவாராம், அதை வைத்துத்தான் அடுத்த ஆண்டுக்கு கிராண்டை நீட்டிப்பது பற்றி முடிவெடுப்பார்களாம். ஒழுங்காகத் தயாரித்த படங்களைப் போட்டுப் பாடம் நடத்திவிடலாமா என்று இரண்டு மனமாக இருந்தது. ஆனால் அவள் கேட்ட கேள்விக்குப் பதில் எனக்கே வேண்டியிருந்தது.

வகுப்பு நாளன்று காலையில் ஸ்கூட்டியில் கிடைக்குப் போனேன். கரிசல் காட்டில் வலைக்குள் ஆடுகள் இன்னும் அடைந்து கிடந்தன. கிடைக்காரர் ஐம்பது வயதுக்காரர். விஷயத்தை முந்தின நாளே சொல்லியிருந்தேன்.

“டீச்சர், ஒண்ணு கேக்கணும். வெளிநாட்டுக்காரன் இன்னொரு வெளிநாட்டுக்காரன் படிக்கதுக்கு எதுக்கு மானியம் குடுக்கான்? அவனுக்கு என்ன வருது?”

“பல ஊர் நடப்பு தெரிஞ்சவங்க எல்லா இடத்துலயும் இருக்கணும்னு நினைக்காங்க அண்ணாச்சி.”

“அது நல்ல நெனப்புதான்” என்றார், ஆனால் முழுசாக நம்பியதாகத் தெரியவில்லை.

வரப்பு மேட்டில்தான் சிக்னல் இருந்தது. போனில் மாணவர்கள் தெரிந்தார்கள். இன்னொரு கட்டத்தில் அந்தப் பெண்ணும், அவளை ஒட்டிக் குல்லா போட்ட அப்பாவும். அதிகாரியின் கட்டம் கறுப்பாக இருந்தது. கிடைக்காரர் பேசுவதை நான் ஆங்கிலத்தில் சொல்ல, அவள் அதை அப்பாவுக்குத் தன் மொழியில் சொன்னாள்.

முதலில் அவள் தன் கேள்வியைக் கேட்டாள்.

“மழைக்கு முந்தி அவுக நம்மளத் தேடி வருவாவ. கோடையில மேய்ச்சல் இல்லாம நாம அவுகளத் தேடிப் போவோம். யாருக்கு அவசரமோ அவுக போயி நிக்கணும்” என்றார் கிடைக்காரர்.

நான் ஆடுகளின் பக்கம் போனைத் திருப்பினேன். அப்பா திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுவந்தார். “கம்பளியை எப்போது வெட்டினீர்கள்?”

“வெட்டவே இல்லையே. பொறப்பே அப்படித்தான்.”

அவர் நம்பாமல் மகளிடம் திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு போனோடு வெளியே போய்த் தன் ஆடுகளைக் காட்டினார். உருண்டு திரண்ட உடம்பு. பின்னால் வால் இருக்க வேண்டிய இடத்தில் பெரிய சதைப் பொதி ஆடியது.

கிடைக்காரர் போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். “இதென்ன டீச்சர், மூட்டையக் கட்டி விட்டுருக்காவ?”

அவ்வளவும் கொழுப்பு, பனிக்காலத்தில் தீனி இல்லாதபோது அதை வைத்துத்தான் ஆடு பிழைக்கும் என்று மகள் விளக்கினாள்.

“நம்ம ஆடு கோடையில எலும்பும் தோலுமா நிக்கு. அதுக்கு இப்படி ஒண்ணு இல்லாமப் போச்சே” என்றார்.

கறுப்புக் கட்டத்துக்குள்ளிருந்து திடீரென்று குரல் வந்தது. அதிகாரிதான். “விழுந்த சாணம் யாருக்குச் சொந்தம்?”

நான் அதைத் தமிழில் கேட்டேன். கிடைக்காரர் சாதாரணமாகச் சொன்னார்: “விழுந்த எடத்துக்காரருக்கு.”

அங்கே வேறு மாதிரி. பட்டியில் மிதிபட்டு இறுகிய சாணத்தைக் கட்டி கட்டியாக வெட்டிக் காயவைத்து அடுப்பெரிப்பார்களாம். தங்கள் வீட்டில் அதை யாருக்குக் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது என்பதையெல்லாம் அம்மாதான் முடிவுசெய்வார், அப்பா வாய் திறக்கக் கூடாது என்றாள் மகள். அப்பா சிரித்தார்.

“மாட்டுச் சாணின்னா வரட்டி தட்டலாம். ஆட்டுப் புழுக்கையப் போயி அடுப்புல வைக்கவா?” கிடைக்காரருக்கு மனசே ஆறவில்லை.

அதன்பின் வகுப்பு என் கையில் இல்லை. எரிப்பதா, நிலத்துக்குப் போடுவதா, பொம்பளைக்கு அதில் என்ன உரிமை என்று மாணவர்கள் மாறி மாறிக் கேட்டார்கள். அதிகாரி தன் கேமராவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கிராண்ட் இன்னும் ஓர் ஆண்டு நீண்டது. அதற்குப் பிறகு அறக்கட்டளை வேறு நாடுகளின் பக்கம் போய்விட்டது. அந்தப் பெண் சாணத்தையும் வீட்டுப் பெண்களின் உரிமையையும் பற்றியே ஆய்வுக்கட்டுரை எழுதித் தேறினாள். இப்போது அந்தப் பாடத்தை அங்கே அவள்தான் நடத்துகிறாள். பருவத்துக்கு ஒருமுறை என்னை விருந்தினராகக் கூப்பிடுவாள்.

போன வாரம் பஸ் ஸ்டாண்டில் கிடைக்காரரைப் பார்த்தேன். நலம்கூட விசாரிக்கவில்லை.

“டீச்சர், அங்கன அவ்வளவு பனியில குட்டி போட்டா, குட்டிய எங்கன வச்சுக் காப்பாத்துதாவ?”

எனக்கும் தெரியாது. அங்கேயே நின்று அவளுக்குச் செய்தி அனுப்பினேன். பதில் வரட்டும் என்று இருவரும் ஆளுக்கொரு டீ சொன்னோம்.